சித்தப்பாவின் ஃபாரின் கொள்ளி

1

பாலைவனத்தில் தரையில் படுத்துத் தூங்குவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். இதை எங்கள் அனுமந்தன்பட்டி டீக்கடையில் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வீடு வாசல் உள்ளவன் எதற்கு வெட்டவெளியில் போய்ப் படுக்கிறான், அதற்கு ஏன் இத்தனை அடிதடி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கலிஃபோர்னியாவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்குச் சரியான பதில் தெரியாது.

ஆனால் இடம் பிடித்தேன். காலையில் இணையத்தில் முன்பதிவு திறக்கும். காபியை ஊதிக் குடிப்பதற்குள் எல்லா இடமும் போய்விடும். தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான் என்பதால் இந்த வேலை எனக்குக் கை வந்தது. எத்தனை பேர், எத்தனை கூடாரம், காரின் நம்பர் என்ன, நாய் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் நிரப்பியதும் விதிமுறைகள் வந்தன. அந்தப் பாலைவனம் ஒரு தேசியப் பூங்கா, அதற்குள் ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்கக்கூடாது, விறகு வெளியில் வாங்கி வரவேண்டும். சாப்பாட்டை மிருகங்கள் எடுக்காதபடி பூட்டி வைக்க வேண்டும். கடைசியாகத் தடித்த எழுத்தில், முகாமில் தண்ணீர் கிடையாது, குடிக்கவும் கழுவவும் நீங்களே கொண்டு வர வேண்டும் என்றிருந்தது.

இவ்வளவும் என் மகள் யாழினிக்காக. பத்து வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த பயணம் இது. ஒரு வருடம் ஆபீசில் பிராஜெக்ட் முடியவில்லை, ஒரு வருடம் கார் சரியில்லை, ஒரு வருடம் எனக்கே மனசில்லை. இப்போது அவளுக்குப் பதினேழு. ஆவணி பிறந்தால் இந்த நாட்டின் அந்தக் கோடியில் உள்ள கல்லூரிக்குப் போய்விடுவாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பேச ஆரம்பித்தால், பாதி வாக்கியத்தில் வார்த்தையைத் தேடி அலுத்துப்போய் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். ஆனால் அந்த முன்பதிவு கிடைத்த அன்று மட்டும் சுத்தத் தமிழில் கேட்டாள்.

"இந்தத் தடவை நிஜமாவே போறோமாப்பா?"

சத்தியம் செய்து கொடுத்தேன். இந்தக் குறிப்பில் நான் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான்.

2

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளை இல்லை. அதனால் எனக்கும் என் தம்பி பாண்டிக்கும் ஊர் என்றால் அந்த இரண்டு பேர்தான்.

சித்தப்பா திராட்சை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி கேரளாவுக்கு லாரி கொண்டுபோய்க் கொண்டிருந்தவர். முப்பது வருடம் மலை ஏறி இறங்கியும் குளிர் மட்டும் அவருக்குப் பழகவே இல்லை. லாரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இடுக்கில் துண்டைச் சுருட்டித் திணித்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். ஓய்வாக வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகும் காப்பிக் கலர் மஃப்ளர் ஒன்று கழுத்தை விட்டு இறங்கவில்லை. ஊரே பனைமட்டையால் விசிறிக்கொள்ளும் சித்திரையிலும் விடிகாலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் டீக்கடைக்கு வருவார். ஆனி, ஆடியில் மலையிலிருந்து காற்று இறங்கும்போது அவர் வீட்டு ஜன்னல் திறந்து யாரும் பார்த்ததில்லை. "இவருக்குப் போர்வை போர்த்தித்தான்யா பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனாக" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வீடியோவில் யாழினியைப் பார்த்தால் "எந்தா மோளே" என்பார். என்ன மகளே என்று அர்த்தம். மலையாளத்தில் அவருக்குத் தெரிந்தது அந்த மாதிரி நாலைந்து வார்த்தைகள். அவள் அவரை 'மோளே தாத்தா' என்றே அழைத்தாள். ஊரில் உள்ள சொந்தங்களில் அவளாகவே பெயர் வைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

பிள்ளை இல்லாத மனிதர் என்பதால் அவருக்கு யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வரும். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் முன்னாலேயே பேசுவார்கள். அண்ணன் மகன், அதிலும் மூத்தவன் என்ற முறையில் அது நான். சித்தப்பா அதை ஒரு பெருமையாகவே ஆக்கிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து சொல்வாராம்.

"உங்களுக்கெல்லாம் லோக்கல் கொள்ளி. எனக்கு ஃபாரின் கொள்ளி. பிளேன்ல வரும் பாருங்க."

போனில் என்னிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். "அதுக்கு என்ன சித்தப்பா இப்ப அவசரம்" என்பேன். "அவசரம் ஒண்ணுமில்லடா. டிக்கெட்டு மட்டும் கையில வச்சுக்க" என்பார்.

3

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி சுமதி, யாழினி. டிக்கியில் கூடாரம், போர்வைகள், விறகுக் கட்டு, தண்ணீர் கேன்கள், ஒரு பெரிய ஐஸ் பெட்டி. சுமதி போடிக்காரி. எங்கே போனாலும் புளியோதரை கட்டாமல் கிளம்பமாட்டாள். பாலைவனத்துக்கும் கட்டினாள்.

பூங்காவுக்கு முந்தின ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அதைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது என்று முன்பதிவுத் தாளிலேயே போட்டிருந்தார்கள். சுமதியும் யாழினியும் ஐஸ் வாங்கக் கடைக்குள் போனார்கள். அப்போது பாண்டி கூப்பிட்டான். இங்கே நண்பகல் என்றால் அங்கே நள்ளிரவு. அந்த நேரத்தில் வருகிற போன் எதற்கென்று வெளிநாட்டில் இருக்கிற எவனுக்கும் எடுக்கும் முன்பே தெரியும்.

"அண்ணே, சித்தப்பா போயிட்டாகண்ணே."

சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். நெஞ்சு கரிக்கிறது என்றாராம். காரை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பாண்டி அழுது முடித்திருந்தான் என்பது குரலில் தெரிந்தது. அவனே கேட்டான்.

"எடுக்கட்டுமா, வச்சிருக்கட்டுமா? நீதாண்ணே சொல்லணும். சித்தி உன்னையத்தான் கேக்கச் சொன்னாக."

என்னிடம் எல்லாம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு விசா இல்லை, லீவு இல்லை என்று ஊரில் நீங்களே எங்களுக்காகக் காரணம் சொல்லிக்கொள்வீர்கள். எனக்கு அந்தக் கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தது. லீவில்தான் இருந்தேன். காரை அங்கேயே திருப்பியிருந்தால் அன்று ராத்திரி விமானத்தில் ஏறியிருப்பேன்.

கடைக் கண்ணாடி வழியாக யாழினி தெரிந்தாள். ஐஸ் மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னோடு வெளியே வரும்போது அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

"டிக்கெட் பாக்கிறேன்டா பாண்டி. கிடைச்சா உடனே ஏறிர்றேன். கிடைக்கலேன்னா எனக்காகக் காத்திருக்க வேணாம், எடுத்துருங்க" என்றேன்.

டிக்கெட் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவர்களாகவே எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். யாழினி வந்து ஐஸைப் பெட்டியில் கொட்டினாள். "யாருப்பா போன்ல?" என்றாள். ஆபீஸ் என்றேன். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். எனக்கும் அந்தப் பயணம் போகவேண்டும் என்றிருந்தது. சாவு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

4

பூங்கா வாசலில் தொப்பி வைத்த ஒரு பெண் அதிகாரி எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, போதுமான தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். கேன்களைக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குள் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசிக் கோடும் போய்விட்டது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இடம் நன்றாக இருந்தது என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் பார்க்கிற மாதிரி பாறைக் குவியல்கள், ஆனால் வெளுத்த நிறம். நடுநடுவே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் முள் மரங்கள். தரை இறுகிப் போயிருந்ததால் கூடாரத்துக்கு முளை இறங்கவில்லை. ஒரு கல்லை எடுத்து அடித்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டும்போது முளை அடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சித்தப்பாதான். சாய்த்து அடி, நேராக அடித்தால் காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும் என்பார். சாய்த்து அடித்தேன்.

எங்கள் ஊரில் பங்காளி வீட்டுச் சாவுச் செய்தி காதில் விழுந்தால் அந்த நிமிடமே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை தூரத்தில் இருந்தாலும் சரி. அதற்குப் பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கலாம். இந்த நாட்டில் நான் எத்தனையோ விட்டிருக்கிறேன். அமாவாசை விட்டேன், விரதம் விட்டேன். ஆனால் இதை விட்டதில்லை. பெரியப்பா மகன் போனபோது ஆபீசிலிருந்து பாதியில் கிளம்பி வந்து குளித்திருக்கிறேன். அன்று மட்டும் குளிக்காத தலையோடு உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டேன். இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளவும் செய்தேன்.

இருட்டியதும் குளிர் இறங்கியது. பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு ராத்திரி இருந்து பார்க்க வேண்டும். விறகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். யாழினி தீக்குச்சியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வைங்கப்பா. நான் வீடியோ எடுக்கிறேன்."

வைத்தேன். ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. "சூப்பர்ப்பா" என்றாள். மூன்று பேரும் கையை நீட்டிக் குளிர் காய்ந்தோம். அந்த நேரத்தில் ஊரில் விடிந்திருக்கும். டீக்கடை திறந்திருக்கும். அந்த வீடியோ இன்னும் அவள் போனில் இருக்கிறது. அவளும் அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை.

5

மறுநாள் பகலெல்லாம் நடந்தோம். நான் சிரித்தேன், படம் எடுத்தேன், ஒரு முயலைக் காட்டினேன். ஆனால் தலை அரித்துக்கொண்டே இருந்தது. வியர்வையும் மணலும்தான் காரணம் என்று உங்களுக்குச் சொல்லலாம். எனக்குக் காரணம் வேறு.

மதியத்துக்கு மேல் சுமதியும் யாழினியும் பக்கத்துப் பாறை மேல் ஏறப் போனார்கள். நான் கால் வலிக்கிறது என்று இருந்துகொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். சட்டையைக் கழற்றினேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்து கேனைத் தலையில் கவிழ்த்தேன். வெயிலில் கிடந்தும் தண்ணீர் ஜில்லென்றிருந்தது. முதல் தடவையாக, சத்தம் வராமல், அழுதேன். விழுந்த தண்ணீரை மணல் அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

மறந்துவிட்டுப் போன தொப்பியை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள் யாழினி.

"அப்பா, என்ன பண்றீங்க? அது குடிக்கிற தண்ணி."

வியர்வை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. சொன்னேன்.

"மோளே தாத்தா முடிஞ்சிட்டாரா?" என்றாள். அவளுக்கு அந்தச் சொல்தான் கிடைத்தது. நான் திருத்தவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து. பெட்ரோல் போடும்போது."

"அது ஆபீஸ் கால்னு சொன்னீங்க."

"உன் ட்ரிப் கெட்டுப்போகக் கூடாதுன்னு."

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். என்னைக் காரணம் ஆக்காதீர்கள், என்னைக் கேட்டிருந்தால் நான் திரும்பலாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்றாள். அவள் தமிழில் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

சுமதி வந்தாள். ஈரத் தலையைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"நேத்தே சொல்லியிருந்தா நானே உங்கள ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விட்டுருப்பேன். என்னையும் சேத்துல்ல நேத்து தீயில குளிர் காய வச்சிருக்கீங்க" என்றாள்.

6

பூங்காவைத் தாண்டிச் சாலை இறங்கும் இடத்தில் போன் துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ஓரமாக நிறுத்தினேன். பாண்டியின் குரல் பதிவுகள் வரிசையாக வந்து கிடந்தன. கார் ஸ்பீக்கரில் இணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அழுத்தியதும் அவன் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"அண்ணே, போன் ஆஃப்ல இருக்கு. நீ ஃப்ளைட்டுல ஏறிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. சித்திகிட்ட சொல்லிட்டேன். எடுக்கல. வச்சிருக்கோம். நீ பதறாம வா."

அடுத்தது, பல மணி நேரம் கழித்து அனுப்பியது.

"அண்ணே, சாயங்காலம் பெரியாளுக எல்லாம் இருட்டுறதுக்குள்ள எடுத்துருவோம்னு சத்தம் போட்டாக. அண்ணன் நடுவானத்துல வந்துக்கிட்டு இருக்கான், அதெப்படி எடுப்பீகன்னு நான்தான் சண்டை போட்டேன். சித்தப்பா ஆசை அதானே. ஊருல எல்லாரும் இருக்காக."

கடைசியாக ஒன்று. அதில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் பின்னால் கேட்டன.

"அண்ணே, மதுர ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். எந்த ஃப்ளைட்டுன்னு தெரியாது, அதான் விடியுமுன்னயே வந்து நிக்கிறேன். வெளிய வந்ததும் வலது பக்கம் பாரு. கெரேஜுக்கார மணி காரு. சாப்பிட எதுவும் வாங்காத, காருல இட்லி இருக்கு."

போன் அணைந்திருந்தால் விமானத்தில் இருக்கிறான் என்று பொருள். எங்கள் ஊரில் வேறு எந்தப் பொருளும் அவர்களுக்குத் தோன்றவில்லை. சித்தப்பா செத்துக் கிடக்கும்போது போனை எட்டாத இடத்துக்கு ஒருவன் தானாகவே போவான் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்.

கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அண்ணே, எறங்கிட்டியா? எங்கன நிக்கிற?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். காரில் என் மனைவி இருந்தாள், மகள் இருந்தாள், இருவருக்கும் உண்மை தெரியும்.

"கனெக்‌ஷன் ஃப்ளைட்ட விட்டுட்டேன்டா" என்றேன். "நடுவுல மாட்டிக்கிட்டேன்."

"அய்யோ. சரி, பதறாத. அடுத்தது எத்தனை மணிக்கு? நான் இங்கனயே கெடக்கேன்."

"வேணாம்டா. இன்னும் வச்சிருக்காதீங்க. கொள்ளிய நீயே வச்சுரு பாண்டி."

அவன் அழுதான். எனக்காக அழுதான். "உனக்குத்தாண்ணே கொடுப்பினை இல்லாமப் போச்சு" என்றான். பின் சீட்டில் யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

7

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். சுமதிக்கு லீவு இல்லை. யாழினி தானாகவே, "நானும் வரேன்" என்றாள்.

மதுரையில் பாண்டி அழைக்க வந்திருந்தான். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு இந்தத் தூணுக்குப் பக்கத்துலதாண்ணே நின்னேன்" என்றான். குத்திக்காட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் சும்மா சொன்னான். சின்னமனூர் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்த இடத்தில் என்னைத் தேற்றினார்கள். "கனெக்‌ஷன் விட்டுப்போச்சாம்ல, பாவம், எப்படித் துடிச்சிருப்ப" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதி வழி வந்துட்டேல்லப்பா, அதுவே வந்த மாதிரிதான்" என்றார் இன்னொருவர். ஒவ்வொரு தடவையும் யாழினி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

யாழினிக்கென்று பாண்டி ஒரு பெட்டி நிறையப் பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தான். அதைப் பார்த்துச் சித்தி சத்தம் போட்டாள். "ஏலே, நம்ம தண்ணி எம் பேத்திய என்ன செய்யும்? வெந்நி போட்டு ஆத்திக் குடுத்தாப் போகுது." எனக்கு எப்போதும்போல் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கொடுத்தாள். "குடிய்யா. மொகமெல்லாம் வாடிப்போய்க் கெடக்கு" என்றாள்.

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நானும் யாழினியும் எதிரே. பாண்டி நிலைப்படியில். சித்தி தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"அந்த ஐஸ் பெட்டியில வைக்க நான் ஒத்துக்கலய்யா. எனக்குத் தெரியாதா அவுகளப் பத்தி? ஃபேன் காத்தே ஆகாது. இவன்தான், அண்ணன் வந்துக்கிட்டு இருக்கான் சித்தி, ஒரு ராத்திரிதானன்னு கால்ல விழாத குறையாச் சொன்னான். நீ வாறேன்னதும் சரின்னுட்டேன். மஃப்ளரைக் கழுத்துல நல்லாச் சுத்திவிட்டேன். ஒரு போர்வையும் உள்ள போடுங்கன்னேன். பெட்டிக்காரன் சிரிச்சான். சிரிச்சா சிரிக்கட்டும்னு போட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் கண்ணாடி மேல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கை மரத்துப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தாங்க, நம்ம பெரியவன் வந்துருவான், பொறுத்துக்கங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

யாழினி என் பக்கம் திரும்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்தி," என்றேன். "நான் கிளம்பவே இல்ல."

சித்திக்குப் புரியவில்லை.

"ஃப்ளைட்டெல்லாம் ஏறல. கனெக்‌ஷன் விட்டேன்னது பொய். பாண்டி போன் பண்ணும்போது இவளைக் கூட்டிக்கிட்டு ஒரு பாலைவனத்தைச் சுத்திப் பாக்கப் போய்க்கிட்டு இருந்தோம். அங்கன போன் எடுக்காது. தெரிஞ்சுதான் உள்ள போனேன். இவளுக்கும் சுமதிக்கும் நான் சொல்லல. ராத்திரி அங்கனயே கூடாரம் போட்டுப் படுத்திருந்தோம்."

பந்தல்காரர்கள் வெளியே கம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் கேட்டது. பாண்டி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தி சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு கேட்டாள்.

"ராத்திரி அங்கன குளிருமோ?"

"குளிரும் சித்தி."

"தீ போட்டிருந்தீகளா?"

"போட்டிருந்தோம்."

சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டவில்லை, அழவுமில்லை. கையை ஊன்றி எழுந்து, யாழினியின் தலையைத் தொட்டு, "வா ஆத்தா, சாப்பிடு" என்றாள். எங்கள் இருவருக்கும் இலை போட்டாள். பிறகு பாண்டியைப் பார்த்தாள்.

"பாண்டி, கடைக்குப் போய் உங்கண்ணனுக்குப் பாட்டில் தண்ணி வாங்கிட்டு வா. வெளிநாட்டுல இருந்து வந்தவுக, நம்ம தண்ணி ஆகாது."

"ஒரு பெட்டி இங்கனயே இருக்கே சித்தி. யாழினிக்கு வாங்குனது."

"அப்ப அதை எடுத்து அவுக பக்கத்துல வை. இவ வீட்டுத் தண்ணியே குடிச்சுக்கிருவா."

பாண்டி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.